பழைய நண்பர்கள், நடுவில் ஒரு யுத்தம்: மூன்று பேரை வைத்து ஒரு மேடை நாடகம் உருவாக்க முழுமையான வழிகாட்டி

1941 செப்டம்பரில், ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்த டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு ஒரு ஜெர்மானிய இயற்பியலாளர் ரயிலில் வந்து இறங்கினார். பெயர் வெர்னர் ஹைசன்பெர்க், வயது 39. அந்த ஊரில் அவருக்கு ஒரு குரு இருந்தார். குரு என்பதைவிட, இன்னொரு அப்பா என்றே சொல்லலாம். அவர் நீல்ஸ் போர், வயது 55. அந்த வாரத்தில் ஒருநாள் இருவரும் தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. அதற்கப்புறம் அந்த நட்பு பழையபடி ஆகவில்லை. அன்று என்ன பேசினோம் என்பதிலேயே இருவரும் சாகும்வரை ஒத்துப்போகவில்லை.

நட்பை அரசியலும் யுத்தமும் பிளந்த கதையை மேடையேற்ற நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கரு கிடைப்பது கஷ்டம். ஆவணங்கள் உண்டு, தேதிகள் உண்டு, நடுவில் யாராலும் நிரப்ப முடியாத ஒரு பள்ளமும் உண்டு. இதை வைத்து மைக்கேல் ஃப்ரேயன் எழுதிய ‘கோபன்ஹேகன்’ 1998-இல் லண்டனில் அரங்கேறிப் பெரும் புகழ் பெற்றது. அதைத்தான் தமிழில் போட வேண்டும் என்றால் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். இந்த வழிகாட்டி அதற்கானது இல்லை. வரலாற்றுப் பதிவுகளிலிருந்து நீங்களே சொந்தமாக ஒரு பிரதி எழுதி, மூன்று நடிகர்களோடு ஒன்றரை மணி நேரத்தில் மேடையேற்றுவது எப்படி என்பதற்கானது.

தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். நம் பாடப்புத்தகங்களில் ‘போர் அணு மாதிரி’ என்று படித்திருப்போம். மேடையில் அந்தப் பெயர் உங்களைப் பாடாய்ப் படுத்தும். யுத்தத்தைப் பற்றிய நாடகத்தில் “போர் வந்துவிட்டது”, “போர் வந்துவிட்டார்” என்று இரண்டு வசனம் அடுத்தடுத்து வந்தால் காட்சியின் கனம் அங்கேயே போய்விடும். அதனால் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: பாத்திரத்தின் பெயர் நீல்ஸ், சண்டைக்குப் பெயர் யுத்தம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: சுவரில் ஒரு தேதித் தாள்

வசனம் எழுத உட்காரும் முன் ஒரு பெரிய சார்ட் தாளில் தேதிகளை எழுதி ஒத்திகை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள். எழுத்தாளருக்கு உதவுவதைவிட நடிகர்களுக்கு இது அதிகம் உதவும். எந்தக் காட்சியில் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அவர்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள்.

1922 ஜூன், கோட்டிங்கன் நகரத்தில் முதல் சந்திப்பு. 1924, ஹைசன்பெர்க் முதல்முறை கோபன்ஹேகன் வருகிறார். 1927, நிச்சயமின்மைக் கோட்பாடு. 1933, ஹிட்லர் ஆட்சிக்கு வருகிறார். 1934, நீல்ஸின் மூத்த மகன் இறக்கிறான். 1938 டிசம்பர், பெர்லினில் அணுக்கருப் பிளவு கண்டுபிடிக்கப்படுகிறது. 1940 ஏப்ரல் 9, ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமிக்கிறது. 1941 செப்டம்பர், அந்தச் சந்திப்பு. 1943 செப்டம்பர் கடைசியில் நீல்ஸ் படகேறித் தப்பிக்கிறார். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. 1947, மறுபடி சந்திப்பு. 1962, நீல்ஸ் மறைவு. 1976, ஹைசன்பெர்க் மறைவு. 2002, நீல்ஸ் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் வெளியாகின்றன.

இதற்கு மேல் தேதிகள் வேண்டாம். தாள் நிரம்பி வழிந்தால் நாடகம் வரலாற்று வகுப்பாகிவிடும்.

இரண்டாம் படி: பிரிவை எழுதும் முன் நட்பை எழுதுங்கள்

இந்த வகை நாடகங்களில் நான் அதிகம் பார்க்கிற குறை இதுதான். திரை விலகியதும் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். “நாம் ஒரு காலத்தில் எப்படி இருந்தோம்!” என்று ஒரு வசனம் வரும். பார்ப்பவர்களுக்கு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரியாது. தெரியாத நட்பு உடைந்தால் யாருக்கு வலிக்கும்? 90 நிமிட நாடகத்தில் முதல் 30 நிமிடத்தை நட்புக்கே கொடுங்கள். தயங்காதீர்கள்.

இந்தக் கதையில் அதற்கான காட்சிகள் கொட்டிக் கிடக்கின்றன. 1922-இல் நீல்ஸ் கோட்டிங்கனில் சொற்பொழிவு ஆற்றுகிறார். உலகமே மதிக்கிற மனிதர், அந்த வருடமே நோபல் பரிசும் வாங்கப்போகிறார். கூட்டத்திலிருந்து 20 வயதுப் பையன் ஒருவன் எழுந்து, நீங்கள் சொல்வது சரியில்லை என்கிறான். கோபப்பட வேண்டிய இடம். நீல்ஸ் கோபப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் போய், வா, மலைப்பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்று அழைத்துப் போகிறார். ஹைன்பெர்க் என்ற அந்தக் குன்றில் இருவரும் பல மணி நேரம் பேசியபடி நடந்தார்கள். தன் அறிவியல் வாழ்க்கை அந்த மதியம்தான் உண்மையில் தொடங்கியது என்று ஹைசன்பெர்க் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்த நடையைக் கட்டாயம் மேடையில் காட்டுங்கள். 1941-இலும் ஒரு நடை உண்டு என்பதால் இது முக்கியம். முதல் காட்சியில் இருவரும் மேடையை எந்தத் திசையில், எந்த வேகத்தில் சுற்றி வருகிறார்களோ, அதே சுற்றை 1941 காட்சியிலும் வையுங்கள். பார்வையாளருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கால்களே ஞாபகப்படுத்திவிடும்.

1924-இல் இருவரும் முதுகுப்பையோடு டென்மார்க்கின் வடக்குக் கரை நோக்கிச் சில நாட்கள் கால்நடையாகவே போனார்கள். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டைக் குடிவைத்த குரோன்போர்க் கோட்டைவரை அந்தப் பயணம். இளையவர் கேட்டுக்கொண்டே வருகிறார், மூத்தவர் சொல்லிக்கொண்டே வருகிறார். இந்தக் காட்சிக்கு இரண்டு பைகளும் சிரிப்பும் போதும்.

அடுத்தது 1927. இதுதான் நட்பின் நடுநாயகமான காட்சி. ஹைசன்பெர்க் அப்போது நீல்ஸ் நடத்திய ஆய்வு நிறுவனத்தின் மாடியறையில் குடியிருக்கிறார். இருவரும் ராத்திரி வெகுநேரம்வரை விவாதம் செய்வது வழக்கம். இருவருமே களைத்துப்போன ஒரு கட்டத்தில் நீல்ஸ் நார்வேக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விடுகிறார். தனியாக விடப்பட்ட ஹைசன்பெர்க் நிறுவனத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில் நடந்து நடந்து யோசித்து, ஒரு துகள் இருக்கும் இடத்தையும் அதன் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறிய முடியாது என்ற கோட்பாட்டை எழுதி முடிக்கிறார். திரும்பி வந்த நீல்ஸ் அதில் ஒரு பிழையைக் காட்டுகிறார். விடவே மாட்டேன் என்கிறார். கடைசியில் ஹைசன்பெர்க் அழுதேவிட்டார். அதை அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

பாருங்கள், இவர்கள் சண்டை போட்டதே இல்லை என்று இல்லை. அழும் அளவுக்குச் சண்டை போட்டு, மறுபடி சேர்ந்து, வேலையை முடித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் 1941-க்குப் பிறகு ஏன் சேர முடியவில்லை என்ற கேள்வி இந்தக் காட்சி இருந்தால்தான் எழும்.

மூன்றாம் படி: அரசியல் மெதுவாக உள்ளே வரட்டும்

1933-இலிருந்து 1939 வரையிலான காலத்தைக் கடகடவென்று கடந்துவிடலாம். ஆனால் மூன்று செய்திகள் பார்வையாளருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஒன்று, நீல்ஸின் அம்மா யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆக்கிரமிப்பில் நீல்ஸின் உயிருக்கே ஆபத்து. ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட விஞ்ஞானிகள் பலருக்கு அவருடைய நிறுவனம் புகலிடமாகவும் இருந்தது.

இரண்டு, ஹைசன்பெர்க்கும் நாஜிகளின் செல்லப்பிள்ளையாக இருந்தவர் இல்லை. ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைக் கற்பித்ததற்காக 1937-இல் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் பத்திரிகை அவரை ‘வெள்ளை யூதன்’ என்று திட்டி எழுதியது. அவருடைய அம்மாவுக்கு, எஸ்.எஸ். தலைவரான ஹிம்லரின் அம்மாவைத் தெரியும். அந்த வழியாகக் கடிதம் போய், விசாரணை நடந்து, 1938-இல் ஹிம்லரே அவருக்கு நற்சான்று கொடுத்தார். இரண்டு அம்மாக்கள் பேசிக்கொள்ளும் இந்தச் சம்பவத்தைத் தமிழ் மேடையில் யாரும் விளக்கவே வேண்டாம். ஆட்சியில் இருப்பவர் வீட்டுக்குத் தெரிந்தவர் மூலமாகப் போவது என்னவென்று நமக்குத் தெரியும்.

மூன்று, 1939 கோடையில் அவர் அமெரிக்கா போனார். அங்கேயே தங்கிவிடும்படி நண்பர்கள் கேட்டார்கள். அவர் திரும்பிவிட்டார். இந்த முடிவை நியாயப்படுத்தவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். கப்பலில் ஏறுகிறார், அவ்வளவு போதும்.

நான்காம் படி: அந்த ஒரு வாரம்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். நாடகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது.

ஹைசன்பெர்க் சும்மா நண்பரைப் பார்க்க வரவில்லை. ஆக்கிரமிப்பு அரசு நடத்திய ஜெர்மன் அறிவியல் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கு. அதில் பேச வந்தார். நீல்ஸும் அவருடைய சகாக்களும் அந்தக் கூட்டத்துக்குப் போக மறுத்துவிட்டார்கள். ஹைசன்பெர்க் நீல்ஸின் நிறுவனத்துக்கு வந்து அவர்களோடு மதிய உணவு சாப்பிட்டார். அந்த மேசையில் அவர் யுத்தத்தைப் பற்றிப் பேசியதும், ஜெர்மனி வெல்வது முக்கியம் என்ற தொனியில் பேசியதும் அங்கிருந்தவர்களைக் காயப்படுத்தியது என்று பின்னர் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே நிலைமை என்ன? ஜெர்மன் படைகள் ரஷ்யாவுக்குள் வெகுதூரம் போய்விட்டன. அதே வாரத்தில், செப்டம்பர் 19 அன்று, கீவ் நகரம் விழுந்தது. ஹிட்லர் தோற்பார் என்று நினைக்க அன்று காரணமே இல்லை. 1945-இல் நடந்தது 1941-இல் யாருக்கும் தெரியாது என்பதை நடிகர்கள் மறக்கவே கூடாது.

அந்தத் தனிப்பேச்சுக்கு வருவோம். ஹைசன்பெர்க்கின் தரப்பு, அவர் யுத்தம் முடிந்து பல வருடங்கள் கழித்து ராபர்ட் யுங்க் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ராத்திரி நடையின்போது பேசினோம் என்கிறார். நீல்ஸ் கண்காணிப்பில் இருப்பார் என்ற பயத்தில் பூடகமாகவே பேசினாராம். யுத்த காலத்தில் யுரேனிய ஆராய்ச்சியில் ஈடுபடுவது விஞ்ஞானிகளுக்குத் தகுமா என்று கேட்டாராம். நீல்ஸ் அதிர்ந்துபோய், இதைவைத்து ஆயுதம் செய்ய முடியும் என்று நிஜமாகவே நினைக்கிறாயா என்று திருப்பிக் கேட்டாராம். முடியும், ஆனால் அதற்குப் பிரம்மாண்டமான முயற்சி தேவைப்படும் என்று இவர் பதில் சொன்னாராம்.

நீல்ஸின் தரப்பு வேறு. யுங்க்கின் புத்தகம் டேனிஷ் மொழியில் வந்தபோது அதில் இருந்த ஹைசன்பெர்க்கின் கடிதத்தைப் படித்துவிட்டு, அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், திருத்தினார், மறுபடி எழுதினார். அனுப்பவே இல்லை. அந்த வரைவுகளின்படி பேச்சு நடந்தது நிறுவனத்தில் அவருடைய அறையில். ஹைசன்பெர்க் பட்டும் படாமலும்தான் பேசினார், ஆனால் அவருடைய தலைமையில் ஜெர்மனி அணு ஆயுதம் செய்ய எல்லாவற்றையும் செய்கிறது என்றுதான் தனக்குப் பட்டது என்கிறார் நீல்ஸ். ஜெர்மனிதான் வெல்லும் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னீர்கள் என்றும் எழுதுகிறார்.

இடமே ஒத்துப்போகவில்லை, கவனித்தீர்களா? ஒருவருக்குத் தெரு, இன்னொருவருக்கு அறை. மேடையில் இதைவிடப் பெரிய வரம் வேண்டுமா! ஒரே உரையாடலை இரண்டு முறை நடத்துங்கள். முதல் முறை நடந்தபடி, கோட்டும் தொப்பியுமாக, தாழ்ந்த குரலில். இரண்டாம் முறை உட்கார்ந்தபடி, மேசைக்கு இரு பக்கமும். சொற்கள் பெரும்பாலும் அதேதான் இருக்கட்டும். இடமும் இடைவெளியும் மாறும்போது அதே சொல் ஒருமுறை கெஞ்சலாகவும் இன்னொருமுறை மிரட்டலாகவும் கேட்கும்.

எது உண்மை என்று நீங்கள் தீர்ப்பு எழுதப் போகாதீர்கள். “எங்கள் நாடகம் உண்மையை வெளிக்கொண்டு வருகிறது” என்று நோட்டீஸ் அடிக்கும் ஆசை வரும். நம் கையில் இருப்பது பதினைந்து வருடம் கழித்து இருவர் எழுதிய ஞாபகங்கள். அதைவிட அதிகம் தெரிந்ததுபோல் மேடையில் காட்டினால் இருவருக்குமே துரோகம்.

ஐந்தாம் படி: நீ, நீங்க

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையிலேயே ஒரு கருவி உண்டு. இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு அது கிடையாது. நீ, நீங்க என்ற இரண்டு சொல்லை வைத்தே ஒரு நட்பு உடைவதைக் காட்டிவிடலாம்.

நீல்ஸ் ஹைசன்பெர்க்கைவிட 16 வயது மூத்தவர். 1922-இலிருந்து அவர் ஹைசன்பெர்க்கை ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும், அதுவும் பாசத்தோடு. ஹைசன்பெர்க் என்றைக்கும் ‘நீங்க’. இந்தப் பழக்கத்தை 30 நிமிடம் விடாமல் வைத்திருங்கள். பிறகு 1941 காட்சியில் இப்படி ஒரு இடம் வரட்டும். இது கற்பனை வசனம், ஒரு மாதிரிக்காக:

ஹைசன்பெர்க்: உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.

நீல்ஸ்: கேளு. என்ன தயக்கம்?

ஹைசன்பெர்க்: இந்த நேரத்துல... யுரேனியத்துல வேலை செய்யறது தப்பா?

(நீல்ஸ் நடப்பதை நிறுத்துகிறார்.)

நீல்ஸ்: நீங்க அதுலதான் வேலை செய்றீங்களா?

அந்த ‘நீங்க’ விழுந்ததும் அரங்கம் அமைதியாகிவிடும். வேறு எந்த வசனமும் வேண்டாம். எங்கள் குழு மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தபோது, நீல்ஸாக நடித்தவர் முதல்முறை இதைச் சொன்னதும் எதிரில் நின்றவர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனார். இயக்குநர் சொல்லிக் கொடுத்த அசைவு இல்லை அது. அப்படியே வைத்துக்கொண்டோம். நம்மை வளர்த்த ஒருவர் திடீரென்று மரியாதையாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

விளிக்கும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘சார்’ போட்டால் நம் ஊர்க் கல்லூரி வாசனை வந்துவிடும். ‘பேராசிரியரே’ போட்டால் ராஜா ராணி நாடகம். விளிச்சொல்லே இல்லாமல் வெறும் ‘நீங்க’ போதும். நீல்ஸும் மனைவியும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றும் பெயர் சொல்லியும் பேசட்டும். ‘என்னங்க’ வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் சிலருக்கு உறுத்தும், அப்புறம் பழகிவிடும்.

வசனம் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். எந்த வட்டார வழக்கும் தூக்கலாகத் தெரியாத பொதுவான பேச்சு. அறிவியல் சொற்களில் ‘அணு’, ‘யுரேனியம்’, ‘உலை’, ‘குண்டு’ நான்கும் போதும்.

ஆறாம் படி: மூன்றாவது நாற்காலி

இருவர் மட்டும் இருந்தால் நாடகம் பட்டிமன்றம் ஆகிவிடும். மூன்றாவது ஆள் நீல்ஸின் மனைவி மார்கரெத்தே. அவரைக் காபி கொண்டுவந்து வைக்கும் மனைவியாக எழுதிவிடாதீர்கள். நீல்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் அவர். அனுப்பாத கடித வரைவுகளில் சில அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன.

ஹைசன்பெர்க் அவருக்கு யார்? இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அவர். மூத்தவன் கிறிஸ்டியன் 1934-இல் பாய்மரப் படகில் போனபோது அலை அடித்துக் கடலில் விழுந்து இறந்தான். அதே படகில் நீல்ஸ் இருந்தார், காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டில் மகனைப் போலப் பழகிய ஒருவன் இப்போது ஆக்கிரமிப்பாளர்களின் விருந்தினராக வந்து நிற்கிறான். மார்கரெத்தேக்கு மன்னிக்கும் அவசரம் எதுவும் இல்லை. அவருக்கு எழுதும் வசனங்கள் குட்டையாக, நேராக இருக்கட்டும். மற்ற இருவரும் கோட்பாட்டில் மிதக்கும்போது தரைக்கு இழுத்துவருவது அவர் வேலை.

கிறிஸ்டியன் இறந்ததைக் காட்சியாக நடிக்க வேண்டாம். மார்கரெத்தே ஒரு கோட்டை மடித்து நாற்காலியில் வைக்கட்டும். அவ்வளவுதான்.

ஏழாம் படி: அறிவியலைப் பயப்படாமல் தொடுங்கள்

பார்வையாளருக்கு இயற்பியல் பாடம் தேவையில்லை. ஒரே ஒரு கணக்கு புரிந்தால் போதும். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுவுக்கு ஏழு அணு மட்டுமே ‘யுரேனியம்-235’ என்ற வகை. வெடிப்பது அதுதான். அதைப் பிரித்தெடுப்பது மகா கஷ்டம். அப்படியென்றால் ஒரு குண்டுக்கு எவ்வளவு வேண்டும்? டன் கணக்கிலா, கிலோ கணக்கிலா? டன் என்றால் யுத்தம் முடிவதற்குள் யாராலும் முடியாது. கிலோ என்றால் முடியும்.

1940-இல் இங்கிலாந்தில் இருவர் கணக்குப் போட்டு, கிலோ அளவுதான் என்றார்கள். ஒருவர் ஆட்டோ ஃபிரிஷ், நீல்ஸின் நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவர். மற்றவர் ருடால்ஃப் பையர்ல்ஸ், லைப்ஸிக்கில் ஹைசன்பெர்க்கிடமே படித்தவர். இருவருமே ஹிட்லரால் திரும்பிப் போக ஊர் இல்லாமல் ஆனவர்கள். ஜெர்மனி விரட்டிய மாணவன் போட்ட கணக்கு அது.

1945 ஆகஸ்டில் ஹைசன்பெர்க்கும் மற்ற ஒன்பது ஜெர்மானிய விஞ்ஞானிகளும் இங்கிலாந்தில் ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் காவலில் இருந்தார்கள். சுவர்களில் ஒலிவாங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். ஹிரோஷிமா செய்தி வானொலியில் வந்த ராத்திரி ஹைசன்பெர்க் முதலில் நம்பவே இல்லை. டன் அளவில் வேண்டுமே என்று பேசுகிறார். ஒரே வாரத்தில் கணக்கைச் சரியாகப் போட்டு சகாக்களுக்கு வகுப்பே எடுக்கிறார். இந்தப் பதிவுகள் 1992-இல்தான் வெளியாயின. வேண்டுமென்றே கணக்குப் போடாமல் விட்டாரா, போடத் தோன்றவில்லையா? இந்தக் கேள்வியை மார்கரெத்தே கேட்கட்டும். ஹைசன்பெர்க் பதில் சொல்ல வாயெடுக்கும்போது அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

நீல்ஸையும் குற்றமே இல்லாதவராகக் காட்டிவிடாதீர்கள். 1943-இல் கைது செய்யப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும் மனைவியோடு படகில் ஸ்வீடனுக்குத் தப்பினார். அங்கிருந்து மஸ்கிட்டோ என்ற சிறிய விமானத்தில் இங்கிலாந்து. அவருடைய தலை பெரியது, ஹெல்மெட் சரியாக உட்காரவில்லை, ஆக்ஸிஜனைப் போட்டுக்கொள் என்று விமானி சொன்னது காதில் விழவில்லை. மயங்கிவிட்டார். விமானி தாழப் பறந்து அவரைக் காப்பாற்றினார். பிறகு அமெரிக்கா போய் லாஸ் அலமோஸில் குண்டு செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொன்னார். ஹிட்லரின் விஞ்ஞானி குண்டு செய்யவில்லை, ஹிட்லரிடமிருந்து தப்பியவர் குண்டு செய்த இடத்தில் இருந்தார். ஹைசன்பெர்க் இதைச் சொல்லிக் காட்டும் ஒரு வசனம் நாடகத்தில் இருக்க வேண்டும். அதற்கு நீல்ஸ் சொல்லும் பதிலும் அதே கனத்தோடு இருக்க வேண்டும்: உன் கணக்கு சரியாக இருந்திருந்தால், லண்டன் இருந்திருக்குமா?

எட்டாம் படி: மேடையில் என்ன இருக்கலாம்

மூன்று நாற்காலி, ஒரு மேசை, ஒரு அலமாரி. ஸ்வஸ்திகா கொடி வேண்டாம், பூட்ஸ் சத்தம் வேண்டாம், சைரன் வேண்டாம். கொடியைப் பார்த்ததும் பார்வையாளர் யார் வில்லன் என்று முடிவு செய்துவிடுவார், அப்புறம் வசனம் காதில் ஏறாது. ஆக்கிரமிப்பைக் காட்ட ஜன்னலில் ஒரு கறுப்புத் துணி போதும்.

ஆனால் அலமாரியில் ஒரு பாட்டில் கட்டாயம் இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு உண்மைக் கதை. ஜெர்மானிய விஞ்ஞானிகளான மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரும் தங்களுடைய நோபல் தங்கப் பதக்கங்களை நீல்ஸின் நிறுவனத்தில் கொடுத்து வைத்திருந்தார்கள். தங்கத்தை ஜெர்மனியிலிருந்து வெளியே கொண்டுபோவது அன்று பெரிய குற்றம். பதக்கத்திலோ பெயர் பொறித்திருக்கிறது. 1940-இல் ஜெர்மன் படை ஊருக்குள் நுழைந்தபோது அங்கே வேலை செய்த ஹெவெசி என்ற வேதியியலாளர் இரண்டு பதக்கங்களையும் ராஜதிராவகத்தில், அதாவது தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையில், போட்டுக் கரைத்தார். தங்கம் சட்டென்று கரையாது, மெதுமெதுவாகத்தான் கரையும். அந்த ஆரஞ்சு நிறத் திரவம் யுத்தம் முடியும்வரை ஆய்வகத்து அலமாரியில் மற்ற பாட்டில்களோடு சும்மா இருந்தது. சோதனை போட வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. யுத்தம் முடிந்ததும் தங்கத்தைப் பிரித்தெடுத்து அனுப்ப, நோபல் அறக்கட்டளை புதிய பதக்கங்கள் செய்து கொடுத்தது.

ஆக, 1941 செப்டம்பரில் ஹைசன்பெர்க் அந்த நிறுவனத்துக்கு வந்தபோது அந்தப் பாட்டிலும் அங்கேதான் இருந்தது. நாடகத்தின் தொடக்கத்தில் மார்கரெத்தே அதன் கதையைப் பார்வையாளரிடம் சொல்லிவிடட்டும். பிறகு ஹைசன்பெர்க் அதன் பக்கத்திலேயே நின்று பேசட்டும். நீல்ஸ் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளட்டும். பழைய நண்பனிடம் சொல்ல முடியாத ரகசியம் அந்த அறையிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அரங்கப்பொருள் எனக்குத் தெரியாது. மேடைக்குத் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் பொடியும் குங்குமமும் கலக்க வேண்டாம், அடியில் தங்கிவிடும். உணவுக்குப் போடும் ஆரஞ்சு கலர் இரண்டு சொட்டு போதும். பின்னாலிருந்து சின்ன விளக்கு ஒன்று அடித்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

ஒன்பதாம் படி: ஒத்திகை

முதல் இரண்டு வாரம் வசனம் மனப்பாடம் செய்ய வேண்டாம். தேதித் தாள் முன்னால் உட்கார்ந்து வாசிப்பு மட்டும். மூன்றாவது வாரம் எழுந்து நடக்கலாம்.

நான்காவது வாரம் ஒருநாள் முழுக்கப் பாத்திரங்களை மாற்றிக் கொடுங்கள். ஹைசன்பெர்க் நடிகர் நீல்ஸாகட்டும், நீல்ஸ் நடிகர் ஹைசன்பெர்க் ஆகட்டும். தன் பாத்திரம்தான் நியாயமானது என்று ஒவ்வொரு நடிகரும் மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருப்பார். மாற்றி நின்றால்தான் எதிராளியின் பயம் உடம்பில் இறங்கும். எங்கள் ஹைசன்பெர்க் அன்றைக்கு நீல்ஸின் வசனத்தைப் படித்துவிட்டு, “இவருக்கு வீட்டுக்கு வெளியே ராணுவம் நிக்குது, நான் ஊர்ல இருந்து ரயில்ல வந்து தத்துவம் கேக்கறேன்” என்று சொன்னார். அடுத்த நாளிலிருந்து அவர் நடிப்பில் இருந்த தோரணை குறைந்துவிட்டது.

மௌனங்களை நேரம் பார்த்து ஒத்திகை செய்யுங்கள். நடிகருக்கு நான்கு வினாடி நாற்பது வினாடி போலத் தோன்றும், சீக்கிரம் பேசிவிடுவார். வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டரை அந்த இடங்களில் வாய் திறக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பத்தாம் படி: கடைசிக் காட்சி

1947-இல் இருவரும் டென்மார்க்கில் மறுபடி சந்தித்தார்கள். 1941-இல் என்ன பேசினோம் என்பதைச் சேர்ந்து நினைவுபடுத்திப் பார்த்தார்கள். முடியவில்லை. அப்புறமும் பார்த்துக்கொண்டார்கள், வாழ்த்து எழுதிக்கொண்டார்கள், அந்த விஷயத்தை மட்டும் தொடவில்லை. இந்த மரியாதையைச் சின்னக் காட்சியாக எழுதுங்கள். இருவரும் வானிலை பற்றியும் பிள்ளைகள் பற்றியும் பேசட்டும். இருவருமே ‘நீங்க’.

முடிவு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நீல்ஸ் சொல்கிறார், மார்கரெத்தே எழுதுகிறார். “அன்புள்ள ஹைசன்பெர்க்” என்று தொடங்கி நிற்கிறது. மறுபடி ஒரு தாள். மறுபடி அதே விளிப்பு. நீல்ஸ் இறந்த பிறகு அந்த வரைவுகளில் ஒன்று, அவர் வைத்திருந்த யுங்க்கின் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அவர் இறந்து 50 வருடம் கழித்து, 2012-இல்தான் வெளியிடுவதாக இருந்தது. லண்டன் நாடகம் கிளப்பிய விவாதத்தால் 2002 பிப்ரவரியில் குடும்பத்தினரே முன்கூட்டி வெளியிட்டார்கள்.

மேடையில் நீல்ஸ் எழுந்து போய்விடட்டும். மார்கரெத்தே தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்த இடத்தில் வைக்கட்டும். பிறகு அவரும் போகட்டும். திரையை இறக்காதீர்கள். விளக்கு அலமாரிமேல் எரிந்தபடி இருக்கட்டும். நடிகர்கள் வணங்குவதற்குக்கூட உடனே வர வேண்டாம். முதல் ஆள் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு அரங்க விளக்கைப் போடச் சொல்லுங்கள்.